தோட்டமும் பேரும்: ‘என்ஜாய் எஞ்சாமி’ பாடலும் மலையக வரலாறும்

மலையகத் தோட்டங்களிற் ‘பேர்’ என்னும் சொல்லுக்குப் பிறவிடங்களில் வழங்காத ஒரு பொருள் உண்டு. காலையிற் பிரட்டுக்களத்திற்கு வந்து, மலையேறி, குறிக்கப்பட்ட நிறைக்குக் குறையாமற் கொழுந்து பறித்தவருக்குத் தோட்டத்துச் செக்ரோலில் அன்றைய ‘பேர்’ விழும். நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’தான். ‘இந்த மாசம் எத்தனை பேர்?’ என்று ஒரு பெண் மற்றொருத்தியைக் கேட்பாளாயின், அவள் ஆட்களை எண்ணச் சொல்லவில்லை. எத்தனை நாட் கூலி கிடைக்கும் என்றே கேட்கின்றாள். பெயரும் ஊதியமும் ஒரே சொல்லுள் அடங்கிய இவ்வழக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட தோட்ட நிருவாகம் மொழியில் இட்டுச்சென்ற தடமாகும். அண்மைக் காலத்திற் பெரும் பரபரப்பை ஏற்படுத்திய ஒரு தமிழ்ப் பொப் பாடலின் வரலாற்றை நோக்குமிடத்து இச்சொல்லே முதலில் நினைவுக்கு வருகின்றது. அப்பாடலின் கருப்பொருள் தோட்டம். அது வெளிவந்த பின் எழுந்த வழக்கோ பேர் பற்றியது.

2021 மார்ச் 7ஆந் திகதி ‘என்ஜாய் எஞ்சாமி’ என்னும் பாடல் காணொளியாக வெளியிடப்பட்டது. இசையமைப்பும் தயாரிப்பும் சந்தோஷ் நாராயணனுடையவை, பாடியோர் தீ என்னும் பெயரால் அறியப்படும் இளம் பாடகியும் அறிவும், பாடல்வரிகள் அறிவினுடையவை. ஏ. ஆர். ரகுமானின் ஆதரவோடு, புலம்பெயர்ந்த தமிழர் சிலர் தொடங்கிய ‘மாஜா’ என்னும் இசை நிறுவனத்தின் முதல் வெளியீடு இதுவாகும். சிட்னி நகரில் வளர்ந்த தீக்கு அப்போது வயது 22. ‘இறுதிச் சுற்று’, ‘மாரி 2’ ஆகிய திரைப்படங்களிற் பாடி அவர் முன்னரே புகழ் பெற்றிருந்தார் எனினும், திரைப்படத்திற்கு வெளியே அவர் பெயர் தாங்கி வந்த முதற் தனிப்பாடல் இதுவே. ஓர் இளம் பாடகியின் முதற் தனிப்பாடல் சில மாதங்களுள் யூடியூப்பிற் பத்துக் கோடி தடவைக்கு மேலும், ஓராண்டு கழிந்த பின் நாற்பது கோடி தடவைக்கு மேலும் பார்க்கப்பட்டமை தமிழிசையுலகம் அதுவரை காணாத நிகழ்ச்சி.

இலங்கைத் தமிழருக்குப் பொப்பிசை புதியதன்று. எழுபதுகளில் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’யும் ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யும் வானொலியிலும் மேடைகளிலும் கல்யாண வீடுகளிலும் ஒலித்தன. பின்னது பாக்கு நீரிணையைக் கடந்து தமிழ்நாட்டையும் ஆட்டுவித்தது. ஆயினும் அக்காலத்துப் பொப் பாடல்களுள் மக்கள் மனத்தில் நின்றவை பெரும்பாலும் கடற்கரையையும் நகரத்தையும் கிராமத்து வேடிக்கையையும் பாடியவை. தேயிலை மலையின் துயரம் துள்ளிசைக்கு ஏற்ற பொருளென்று அன்று எவருக்கும் தோன்றவில்லை போலும். அத்துயரம் பொப்பிசைக்குள் நுழைவதற்கு அரை நூற்றாண்டு சென்றது. அதுவும் அட்டன் வழியாகவோ நுவரெலியா வழியாகவோ அன்று, அரக்கோணம் வழியாக.

அறிவு அரக்கோணத்தைச் சேர்ந்தவர். பா. ரஞ்சித்தின் முயற்சியால் உருவாகி 2018 சனவரியிற் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய ‘கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவின் மூலம் அறியப்பட்டவர். தம் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நிலமற்றவராகத் தமிழகம் திரும்பி, அங்கும் கூலிவேலை செய்தே வாழ்ந்தவர் என்பதையும், அப்பாட்டி சொன்ன கதைகளே இப்பாடலின் ஊற்று என்பதையும் அறிவு பலமுறை எடுத்துரைத்துள்ளார். எனவே இப்பாடலுக்கு மலையகத்தோடுள்ள உறவு ஆய்வாளர் வலிந்து கற்பிக்கும் உறவன்று.

எனினும் பாடலைக் கேட்போர் அதில் தேயிலைச் செடியைத் தேடின் ஏமாற்றமடைவர். காடு, குளம், பறவை, பூச்சி, முன்னோர் காத்த மண் என்று விரிந்து செல்லும் பாடல் அது. அதன் நடுவே, தோட்டத்தைச் செழிக்கச் செய்த ஒருவர் தம் தாகம் தீரவில்லை என்று ஏங்கும் ஒரு சிறு பகுதி வருகின்றது. துள்ளலாகச் சென்ற பாடல் அவ்விடத்தில் ஒப்பாரியாக இறங்குகின்றது. பாடலின் உயிர்நிலை அதுவே.

சென்னையிலோ மதுரையிலோ ‘தோட்டம்’ என்றால் வீட்டுப்புறத்து வாழையும் முருங்கையும் நினைவுக்கு வரும்; மிஞ்சினால் மாந்தோப்பு வரும். அட்டனிலும் தலவாக்கலையிலும் பொகவந்தலாவையிலும் அச்சொல் ‘எஸ்டேட்’ என்ற ஒன்றையே குறிக்கும். லயம், தொழிற்சாலை, துரை பங்களா, பிள்ளைக்காம்பரா, மயானம் ஆகிய அனைத்தும் அச்சொல்லினுள் அடக்கம். ‘எந்தத் தோட்டம்?’ என்பது அங்கு ஒருவரை முதன்முறை காணும்போது கேட்கப்படும் கேள்வி. ‘தோட்டக்காட்டான்’ என்பது அவரை இழிவுபடுத்தப் பிறர் ஆண்ட சொல். தலவாக்கலைத் தொகுதியிலிருந்து 1947இற் பாராளுமன்றம் சென்றவரும் மலையக இலக்கிய முன்னோடியுமான சி. வி. வேலுப்பிள்ளை தமது ஆங்கிலக் கவிதை நூலுக்கு இட்ட பெயரைத் தமிழில் ‘இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில்’ எனலாம். ஆங்கிலத்தில் அவர் ஆண்டது துரைமாரின் ‘எஸ்டேட்’ என்ற சொல்லையன்று, பூந்தோட்டத்தைக் குறிக்கும் ‘கார்டன்’ என்ற சொல்லையே. அதனுள் எத்துணைக் கசப்பு இருந்ததென்பதை நூலைப் படித்தோர் அறிவர். ஆகவே ஒரே பாடல் இரண்டு நிலங்களில் இரண்டு பாடல்களாகக் கேட்கப்பட்டிருத்தல் கூடும். ஓரிடத்தில் அது இயற்கையைப் போற்றுவது. மற்றோரிடத்திற் கூலி கேட்பது.

‘எஞ்சாமி’ என்ற விளியும் இத்தகைய இரட்டைத் தன்மையுடையது. நிலமுடையவன் முன் நிலமற்றவன் கைகட்டி நின்று அழைத்த சொல் ‘சாமி’. பேரப்பிள்ளையை மடியிலிருத்திப் பாட்டி கொஞ்சும் சொல்லும் அதுவே. அடிமைத்தனத்தின் சொல்லை அன்பின் சொல்லாக மாற்றியெடுத்த பெருமை எந்தக் கவிஞருக்கும் உரியதன்று. அது பாட்டிமாரின் செயல்.

இத்தோட்டங்கள் உருவான வரலாறு பல்கலைக்கழக மாணவர் அறிந்ததே. எனினும் பாடலோடு தொடர்புடைய பகுதியை மட்டும் ஈண்டு நினைவூட்டலாம். 1820களிற் கோப்பிச் செய்கைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வரப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் வீழ்ந்தோர் ஆயிரக்கணக்கானோர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன்பின் மலைகளெல்லாம் தேயிலையாயின. காடழித்தோரின் பேரப்பிள்ளைகள் அம்மண்ணிலேயே பிறந்து, அம்மண்ணிலேயே புதைக்கப்பட்டனர். ஆயினும் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. தேயிலை நாட்டின் சொத்தாயிற்று. அதை நட்டவர் நாட்டினர் அல்லர் எனப்பட்டது.

1964 ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்துப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்வதற்கு. அந்த எச்சத்தை 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். நிலத்தைப் பங்கிடும்போது மக்கள் இடம்பெயர்வது உலக வரலாற்றிற் பலமுறை நிகழ்ந்தது. இங்கோ நிலம் கிடந்த இடத்திற் கிடக்க, மக்களே பங்கிடப்பட்டனர். அவர்களிடம் கருத்துக் கேட்டவர் எவருமிலர்.

மலைநாட்டுப் புகையிரத நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டியை மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றனர். தகரப்பெட்டி, பாய், அம்மி ஆகியவற்றோடு வண்டியேறியோரும், மேடையில் நின்று அவர்தம் கையை விடாது வண்டியோடு ஓடியோரும் எழுப்பிய அழுகை அதற்கு அப்பெயரை ஈந்தது. தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம், அங்கிருந்து மண்டபம் முகாம், பின்னர் நீலகிரியின் கூடலூரோ கோத்தகிரியோ. தாயகம் திரும்பியோருக்கென 1968இல் தமிழ்நாட்டரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. சிலர் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கே சென்றனர். பலர் மலையே இல்லாத சமவெளிகளில் முன்பின் அறியாத ஊர்களிற் கரைந்துபோயினர். 1984இற் கப்பல் நின்றது. எத்தனையோ குடும்பங்களில் அண்ணன் இங்கும் தங்கை அங்குமாகத் தொடர்பற்றுப் போன கதை அட்டன் பிரதேசத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. அறிவின் பாட்டி போன்றோர் இவ்வாறு பிரிந்து சென்ற தலைமுறையினர். அவர்தம் நினைவில் எஞ்சிய தோட்டமே ஒரு பேரனின் பாட்டாகத் திரும்பி வந்தது.

திரும்பி வந்த பாட்டை உலகம் வரவேற்ற முறை கவனிக்கத்தக்கது. ஆங்கில ஏடுகளும் வெகுசன சாதனங்களும் அதனை மனிதனும் இயற்கையும் ஒன்றென்று கூறும் சூழலியற் பாடலாகவே பெரிதும் அறிமுகஞ் செய்தன. அது பிழையன்று, பாடலில் அதுவும் உண்டு. ஆனால் அவ்வறிமுகத்தில் நிலமற்றோர் ‘மூதாதையர்’ ஆயினர். கூலி ‘வேர்’ ஆயிற்று. வேர்களைப் பற்றிப் பேசுவது எவருக்கும் இடர் தருவதன்று. நிலவுறுதியைப் பற்றிப் பேசுவதே இடர் தருவது. ஒரு சமூகத்தின் முறையீடு மற்றொரு சமூகத்தின் பொழுதுபோக்காக மாறும்போது முதலில் உதிர்ந்துபோவது முறையீட்டின் முகவரியே.

பாடல் வெளிவந்த அதே மார்ச் மாதத்தில் மலையகத்தில் நடந்தது வேறு. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவாக வேண்டும் என்ற கோரிக்கை பல்லாண்டுகளாகத் தெருவில் நின்றது. சம்பளச் சபை வழியாக 900 ரூபா அடிப்படைச் சம்பளமும் 100 ரூபா படியும் என 2021 மார்ச்சில் அது வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. நாளொன்றுக்குப் பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை உயர்த்தப்பட்டதென்றும், அதை எட்டாதோருக்கு அரைப்பேரே போடப்படுகின்றதென்றும் தொழிலாளர் பல தோட்டங்களில் முறையிட்டனர். 1000 ரூபா சட்டத்தில் வந்தது. செக்ரோலிற் பேர் பாதியாயிற்று. நிலத்தைப் பொறுத்தவரையில், 2015இன் பின் தனிவீட்டுத் திட்டத்தின் கீழ்க் குடும்பமொன்றுக்கு ஏழு பேர்ச்சஸ் காணி என்ற நிலை வந்ததே பெரும் முன்னேற்றமாகக் கருதப்பட்டது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக மலையைத் தோட்டமாக்கியோருக்கு ஏழு பேர்ச்சஸ்! தாகம் தீராமையைப் பற்றிய பாட்டுக்கு அட்டனில் உரையாசிரியர் தேவையில்லை.

இனிப் பேர் பற்றிய வழக்குக்கு வருவோம். பிரெஞ்சு இசைக் கலைஞர் டிஜே ஸ்நேக் இப்பாடலை மீளமைத்து வெளியிட்டபோது நியூயோர்க் ரைம்ஸ் சதுக்கத்து விளம்பரப் பலகையில் அவரும் தீயும் தோன்றினர், அறிவு தோன்றவில்லை. 2021 ஓகஸ்ட்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ சஞ்சிகையின் அட்டையில் தீயும், யாழ்ப்பாணத்திற் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி போலும் இடம்பெற்றனர். அவ்வட்டை கொண்டாடிய பாடல்களுக்கு வரிகளை எழுதிய அறிவு மீண்டும் விடுபட்டிருந்தார். பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து எழுந்த கலைஞனின் பெயர் அழிக்கப்படுகின்றது என்ற குரல் வலுத்தது. பின்னர் அறிவின் படத்தோடு ஓர் அட்டையை அச்சஞ்சிகை வெளியிட்டது. 2022 யூலை 28ஆந் திகதி சென்னையில் நடந்த 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் இப்பாடலை மேடையிற் பாடினர். சில நாட்களில் அறிவு வெளியிட்ட அறிக்கை, பாடலை இயற்றியதிலும் எழுதியதிலும் தமக்குள்ள பங்கை வலியுறுத்தியது. சந்தோஷ் நாராயணன், அறிவு அப்போது வெளிநாட்டில் இருந்தமையையும், மூவருக்கும் வருமானத்திற் சமபங்கு உண்டென்பதையும் கூறி மறுமொழி தந்தார். தாம் எவ்விடத்தும் அறிவின் பெயரை மறைக்கவில்லை என்றார் தீ.

இவ்வழக்கில் இளம் பாடகியைக் குற்றவாளியாக்கியோர் பலர். அது நியாயமன்று. அட்டையில் யார் படம் வரவேண்டும் என்பதையும் விளம்பரப் பலகையில் யார் நிற்கவேண்டும் என்பதையும் முடிவு செய்வது பாடகர் அல்லர், சந்தை. சந்தைக்கு ஒரு முகம் வேண்டும். எந்த முகம் எளிதில் விலைபோகும் என்பதை அது முன்கூட்டியே அறிந்துவைத்திருக்கின்றது. அந்த முன்னறிவிற் சாதியும் நிறமும் ஆங்கிலமும் எத்துணைப் பங்கு வகிக்கின்றன என்பதே கேட்கப்படவேண்டிய வினா. மூவரின் தனிப்பட்ட மனத்தாங்கலாக அதைச் சுருக்கியோர் அவ்வினாவைத் தப்பவிட்டனர். தீயின் குரல் இல்லாவிடின் இப்பாடல் இத்துணைத் தொலைவு சென்றிராது என்பதும், அறிவின் ஒப்பாரி இல்லாவிடின் சென்ற இடத்திற் சொல்வதற்கு அதற்கு எதுவும் இருந்திராது என்பதும் ஒருங்கே உண்மை.

இதனினும் ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. பாடலிற் கலந்துள்ள சில தொடர்கள் பழைய ஒப்பாரிகளிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதைச் சந்தோஷ் நாராயணனும் தமது விளக்கத்திற் குறிப்பிட்டார். ஒப்பாரிக்கு ஆசிரியர் யார்? மலையகத்து இழவு வீடுகளிற் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பற்றியிருந்து பாடும்போது, இறந்தவரின் புகழோடு தன் குறையையும் சேர்த்தே ஒருத்தி பாடுவாள்; கங்காணியின் கொடுமையும் பிறந்தகம் எட்டாத தொலைவும் அதனுள் வந்துவிழும். அடுத்த இழவு வீட்டில் இன்னொருத்தி அதனை எடுத்து மாற்றுவாள். இவ்வாறு பெயரின்றி வளர்ந்த பாடல்களைத் திரட்டிச் சி. வி. வேலுப்பிள்ளை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என 1983இல் நூலாக்கினார். நூலின் பெயரிலேயே பாடல்கள் யாருடையவை என்பதைச் சொல்லிவிட்ட அவரது நேர்மை குறிப்பிடத்தக்கது. எனினும் அம்மக்களுள் எவள் எந்த அடியைப் பாடினாள் என்பதற்குச் செக்ரோல் இல்லை.

மாறாகத் தம் பெயரைத் துணிந்து பொறித்த ஒரு பெண்ணும் இம்மண்ணில் இருந்தார். அட்டனைத் தளமாகக்கொண்டு 1931இல் தொழிற்சங்கம் அமைத்த கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை, ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் பாட்டுப் புத்தகத்தை 1940இல் வெளியிட்டார். இந்திய வம்சாவளியினருக்கெதிரான அரசியல் முனைப்புற்றிருந்த காலம் அது. மக்கள் அறிந்த மெட்டுகளிற் சொற்களை ஏற்றி அவரே கூட்டங்களிற் பாடினார். எழுதப் படிக்கத் தெரியாதோரும் மெட்டைப் பிடித்துக்கொண்டு கருத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். இசைத்தட்டோ வானொலியோ துணைக்கு இல்லை. புகழ்பெற்ற மெட்டு ஒன்றே வாகனம். துள்ளிசையை வாகனமாக்கித் துயரத்தை ஏற்றியனுப்பும் உத்தி, ஆகவே, 2021இற் பிறந்ததன்று. மீனாட்சியம்மையின் பாட்டுக்குக் கிடைத்த வரவேற்பைக் கணக்கிட எண்கள் இல்லை. ஆனால் அப்பாட்டு யாரை நோக்கிப் பாடப்பட்டதோ அவர்கள் முன்னிலையிலேயே பாடப்பட்டது.

எண்கள் மிகுதியாக உள்ள இக்காலத்துப் பாடலின் கதை வேறுவிதமாக முடிந்தது. 2024 மார்ச்சில், பாடல் வெளிவந்து மூன்றாண்டு நிறைந்த வேளையில், இதுவரை தமக்கு ஒரு சதமேனும் வந்து சேரவில்லை எனச் சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகக் கூறினார். நிறுவனம் அதனை மறுத்தது. வழக்கின் உள்விவரங்களுள் நுழைவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் தோட்டம் செழித்தும் தொண்டை நனையாத கதையைப் பாடிய பாட்டின் வருமானமே யாரிடம் போயிற்று என்று அதை ஆக்கியோர் கேட்கவேண்டியிருந்தமை, பிரட்டுக்களத்தில் நின்றோருக்குப் புதுமையாகத் தோன்றியிராது.

2023 யூலை இறுதியில், மலையகத் தமிழரின் இருநூறாண்டு வரலாற்றை முன்னிட்டுத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நூற்றுக்கணக்கானோர் கால்நடையாகச் சென்றனர். முன்னோர் நடந்த வழி அது. அழுகைக் கோச்சியில் எதிர்த்திசையிற் சென்றோருக்கு அத்தகைய நடைபயணம் எதுவும் இல்லை. அவர்களுள் ஒருவரின் பெயர் மட்டும் ஒரு வெளியீட்டின் முகப்பில் ஏறியது. 2024இல் அறிவு வெளியிட்ட இசைத்தொகுப்பின் தலைப்பு ‘வள்ளியம்மா பேராண்டி’. அதிற் பாடகனின் பெயர் இல்லை. பாட்டியின் பெயரும், அவருக்குத் தான் என்ன முறை என்பதும் மட்டுமே உள்ளன.